நம்ம வீடு

லேப்டாப் கேமராவின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப் கோணலாக இருந்தது.

அவள் எதையும் கோணலாக ஒட்டுகிறவள் அல்ல. கத்தரிக்கோலால் அளவாக நறுக்கி, நகத்தால் நீவிவிட்டு ஒட்டுவாள். இதன் ஓரமோ பல்லால் கடித்து இழுத்ததுபோல் பிசிறியிருந்தது. மேசையிலிருந்த டேப் சுருளையும் காணோம்.

"பாப்பா, டேப்பை எடுத்தியா?"

"இல்லம்மா," என்றது உள்ளறையிலிருந்து காய்ச்சல் குரல். பொய்யோ என்று ஒரு கணம் தோன்றியது. பாப்பா முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை வாயாக இருக்கிறாள், டேப்பை எங்கே கடிப்பது என்பது அதன்பிறகுதான் உறைத்தது. ஒருவேளை தானே அவசரத்தில் ஒட்டியிருக்கலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மனம் அவ்வளவு லேசில் சமாதானமாகவில்லை.

சந்தேகம், கட்டினவன் அவளுக்குக் கொடுத்த சீதனம். அவனை விட்டு ஊர் மாறி வந்தவள், ஸ்மார்ட்போனைக் குப்பையில் போட்டுவிட்டுப் பட்டன் போனுக்கு மாறியிருந்தாள். பெற்றவர்களிடம்கூட விலாசம் சொல்லவில்லை. விலாசம் தெரிந்தால் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், சொல்லியே மிரட்டியவன். அப்படியிருந்தும் போன வாரம் அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல். 'வக்கீலுக்கு எழுதினதுல கடைசி பத்தி பொய். எடுத்துடு.' அந்தக் கடிதத்தை அவள் இன்னும் வக்கீலுக்கே அனுப்பியிருக்கவில்லை. லேப்டாப்பில் எழுதி, லேப்டாப்பிலேயே வைத்திருந்தாள்.

"அப்போ மெஷினுக்குள்ளதான் ஆளு உக்காந்திருக்கான் மேடம்," என்றார் அலுவலகத்துச் சிஸ்டம்காரர். "மொத்தமா துடைச்சிட்டு, பழைய சிஸ்டத்துக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க. ஓசிதான். ஒளிவுமறைவு கிடையாது, யார் வேணா பிரிச்சுப் பாத்துக்கலாம். லீவு நாள்ல கூப்பிடுங்க, போன்லயே சொல்லித் தரேன்."

அந்த லீவு நாள் இன்று. காலையிலிருந்து மழை. முதல் முயற்சியில் லினக்ஸ் ஃபைலைப் பென் டிரைவில் போட்டு, அதைச் செருகி ஆன் செய்தபோது, பழைய சிஸ்டமே ஒன்றும் தெரியாததுபோல் எழுந்து வந்தது.

"ஃபைலை போட்டோ மாதிரி இழுத்துப் போட்டீங்களா? அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதை வெச்சு எழுதணும்." அவர் சிரித்தார். "எல்லாரும் முதல்ல இதைத்தான் செய்வாங்க. நானும் செஞ்சேன்."

இரண்டாம் முயற்சியில் திரை கறுத்து, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்க, மழைச் சத்தத்துக்கு அடியில், கூரைப்பக்கம் எங்கோ மரம் முனகுவதுபோல் ஒரு ஓசை மெல்ல எழுந்து, அவள் காது கொடுத்ததும் அடங்கியது. எலியாக இருக்கும். உள்ளறைப் பரணில் வீட்டுக்காரரின் பழைய சாமான்கள் அடைந்து கிடந்தன. அதன் பூட்டுக்குச் சாவி தரமாட்டேன் என்று வாடகை பேசும்போதே சொல்லியிருந்தார். இந்த வீட்டு விளம்பரமும் இதே லேப்டாப்பில்தான், வீடு தேட ஆரம்பித்த அன்றே, கண்ணில் பட்டது.

"வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, வேற கம்ப்யூட்டர் இருந்தா சுலபமா இருக்கும், அதான்."

நியாயமான பதில்தான். ஆனாலும் இந்த மனிதரை யாராவது விலைக்கு வாங்கியிருப்பார்களோ என்று தோன்றியது. எதையோ ஒன்றை நம்பித்தானே ஆகவேண்டும். அவர் சொன்ன அமைப்புகளை மாற்றினாள். மூன்றாம் முயற்சியில் 'எல்லாவற்றையும் அழி' என்ற கட்டம் வந்தது. அழுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் அழுத்தியதில்லை.

புது சிஸ்டம் பளிச்சென்று வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. ரவுட்டரிலிருந்து ஒயர் கொடுத்து, டிரைவரை இறக்கி, மறுபடி ஆன் செய்யச் சொன்னார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இந்த முறை பெயர்கள் வரிசையாக விழுந்தன. மாடி வீடு. எதிர்வீட்டு டியூஷன் சென்டர். அவளுடைய ரவுட்டர்.

எல்லாவற்றுக்கும் மேலே, சிக்னல் முழுசாக: 'நம்ம வீடு'.

கல்யாணமான புதிதில், அந்தப் பழைய வீட்டு வைஃபைக்கு அவளே ஆசையாக வைத்த பெயர்.

"பேர் யார் வேணா வெக்கலாம் மேடம். பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கா? போட்டுப் பாருங்க. ஏறாது."

விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. ஏறிவிட்டது.

"ஏறிடுச்சு," என்றாள்.

"இத்தனை நாள் இந்தப் பேரைப் பாத்ததே இல்லையா?"

"இல்ல. தினமும் இதே மேசைலதான் வேலை பாக்கறேன்."

"பழைய சிஸ்டத்துல, குறிப்பிட்ட ஒரு பேரை மட்டும் காட்டாதேன்னு சொல்லி வெக்கலாம். இப்போ துடைச்சதால தெரியுது." குரல் தணிந்தது. "மேடம், உங்க ரவுட்டர் எங்க இருக்கு?"

"பக்கத்துலயே. கை எட்டும் தூரத்துல."

"அதுக்குச் சமமா இதுவும் முழுசா காட்டுதுன்னா..."

அவர் முடிப்பதற்குள் கரண்ட் போனது.

தெரு முழுக்க இருட்டு. ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மாடி வீடு போனது. டியூஷன் சென்டர் போனது. அவளுடையதும் போனது.

'நம்ம வீடு' மட்டும் நின்றது. அதைப் போனில் சொன்னாள்.

"அப்போ அது பேட்டரில ஓடுற போன், உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க மேடம். இப்பவே. நான் கிளம்பி வரேன், லைனைக் கட் பண்ணாதீங்க."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, லேப்டாப்பையே விளக்காக ஏந்தி, உள்ளறைக்குள் போனாள். மருந்து வாசனை. அதோடு இன்னொரு வாசனை. நாள்பட்ட வியர்வை. இதை எங்கே முகர்ந்திருக்கிறோம் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

பாப்பா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே பரண். வெளியே பூட்டு. பூட்டியபடியே. ஆனால் கதவின் கீல்களில் ஓர் ஆணிகூட இல்லை.

குனிந்தாள். லேப்டாப் சாய்ந்தது. வெளிச்சம் மேலே ஏறியது.

பரண் கதவில், கைப்பிடி கழன்று விழுந்த ஓட்டை. எப்போதும் இருக்கும் ஓட்டைதான். இன்று அதில் கறுப்பாக ஏதோ.

டேப். உள்பக்கமாக ஒட்டியது. ஓரம் பிசிறியது.

"மேடம்? பாப்பாவை எடுத்துட்டீங்களா?"

ஒரு கை குழந்தையின் முதுகுக்கு அடியில் போய் அப்படியே நின்றுவிட்டது.

மேலே, அவசரமே இல்லாமல், ஓட்டையிலிருந்து டேப் உரிந்துகொண்டிருந்தது.