ஆறாத என்ஜின்

பழைய வண்டி காலையில் மட்டும் மக்கர் பண்ணுகிறது என்று யார் வந்தாலும், முதல் நாளே சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். விடியும்வரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது. காலையில் நானே போய் பானெட்டைத் திறந்து, என்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பேன். ஜில்லென்று இருந்தால்தான் வேலையை ஆரம்பிப்பேன். சூடான என்ஜின் தன் நோயைக் காட்டாது. இருபத்தாறு வருட மெக்கானிக் வேலையில் இந்த முறையை நான் மாற்றியதே இல்லை.

டீச்சர் வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். காலை ஆறு மணி, தெருவில் பனி இன்னும் விலகவில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டி நின்றது. ஷெட்டிலிருந்து நேராகப் படுக்கையறைக்கு ஒரு மரக்கதவு இருந்தது.

"ஸ்டார்ட் ஆகுது அண்ணே. சும்மா ஓடவிட்டா ஐட்லிங்தான் நிலைக்க மாட்டேங்குது. ஒரு நிமிஷத்துல இருமிட்டுச் செத்துப்போகுது" என்றார் டீச்சர். பின்னால் அவருடைய ஒன்பது வயது மகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

பானெட்டைத் திறந்து கை வைத்தேன்.

சூடு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே டீச்சர்! யாரு வண்டியை எடுத்தது?"

"சாவி உங்ககிட்டதானே அண்ணே இருக்கு?"

பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அன்று கிளம்பும்போது குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் குமிழை நன்றாக உள்ளே தள்ளிவிட்டு, ஷெட்டை என் சொந்தப் பூட்டால் பூட்டினேன். மறுநாள் காலை பூட்டு அப்படியே தொங்கியது. கதவைத் திறந்ததும் புகை நாற்றம் மூக்கில் ஏறியது. என்ஜின் சூடாக இருந்தது.

சோக் குமிழ் முழுக்க வெளியே இழுக்கப்பட்டிருந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரர் அப்படித்தான் இழுப்பார். நான் குளிச்சுக் கிளம்பறதுக்குள்ள வண்டியைச் சூடு பண்ணி வெச்சிடுவார். போன வருஷம் குளிருதுன்னு ஷெட் கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தார். நான் வந்து பாக்கும்போது புகையில மூச்சு முட்டி உயிர் போயிருந்துச்சு."

"ராத்திரியில சத்தம் எதுவும் கேக்கலையா?"

"விடியற நேரத்துல கனவு மாதிரி கேக்கும். அவர் இருக்கார்னு நினைச்சுத் தூங்கிடுவேன். எழுந்தா ரெண்டு பேருக்கும் தலைவலி. தினமும்."

இழுத்திருந்த குமிழை மறுபடி உள்ளே தள்ளினேன். ஆனாலும் மெக்கானிக் வாய் சும்மா இருக்குமா? "ஒயர் எங்கேயாவது உரசியிருக்கும், ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் தானா சுத்தும்" என்று அளந்துவிட்டேன். அதை நானே நம்பினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

என்ஜின் ஆறட்டும் என்று மத்தியானம்வரை காத்திருந்தேன். கோளாறு அகப்பட்டது. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் குழாயில் முடி அளவு வெடிப்பு. குளிரில் அது வாயைத் திறந்து காற்றை உறிஞ்சுகிறது, என்ஜின் அணைகிறது. புதுக் குழாயை மாட்டினேன். சாயங்காலம் மறுபடி ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, ஒரு டம்ளர் தண்ணீரை என்ஜின் மேல் வைத்துக் காட்டினேன். தண்ணீர் அசையவே இல்லை.

"இனிமே நாள் முழுக்க ஓடவிட்டாலும் அணையாது டீச்சர்!" என்று பெருமையடித்துக்கொண்டேன். போகும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டேன், ஷெட்டைப் பூட்டினேன். இனி எப்படி ஓடும்?

மறுநாள் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. டீச்சர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. ஒரு நிமிஷத்துல செத்துப்போகுது.

தினமும் விடியலில் அந்த வண்டி ஓடியிருக்கிறது. தினமும் ஒரு நிமிடத்தில் அணைந்திருக்கிறது. அதனால்தான் மரக்கதவு இடுக்கில் நுழைந்த புகை அவர்களுக்குத் தலைவலியோடு போனது.

அந்தக் கோளாறுதான் அவர்களுக்கு இருந்த ஒரே காவல்; அதை நான் பழுதுபார்த்துவிட்டேன்.

டீச்சருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பைக்கை முறுக்கினேன்.

தெருமுனையிலேயே கேட்டது. சீராக, பிசிறில்லாமல். நான் வைத்த ஐட்லிங்.

பூட்டைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. பாட்டரி ஒயர் நான் விட்டபடியே தொங்கியது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். அணையவில்லை. பானெட்டைத் தூக்கி, நான் மாட்டிய குழாயைப் பிய்த்தெறிந்தேன். என்ஜின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை. நின்றது.

அந்த அமைதியில் டிரைவர் கதவு மெதுவாகத் திறக்கும் சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கதவை உதைத்துத் திறந்து, தாயையும் மகளையும் தெருவுக்கு இழுத்து வந்தேன். குழந்தை வாந்தியெடுத்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. டீச்சர் ஆஸ்பத்திரியில் கண் திறந்தார்.

"அப்பா வந்தார் மாமா" என்றாள் குழந்தை. "வண்டி சூடாயிடுச்சு, மூணு பேரும் கிளம்பலாம்னார்."

இருவரையும் டீச்சரின் அக்கா வீட்டில் விட்டேன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து என் பட்டறைக்கே கொண்டுவந்தேன். மாடியில்தான் என் வீடு. டேங்கைக் காலி செய்தேன், பாட்டரியைத் தூக்கி எடைக்குப் போட்டேன். திங்கட்கிழமை பழைய வண்டி உடைக்கிறவர் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

இன்று ஞாயிறு. காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பியவன், பழக்க தோஷத்தில் பானெட்டைத் திறந்தேன்.

நான் பிய்த்தெறிந்த ரப்பர் குழாய் அதன் இடத்தில் கச்சிதமாக மாட்டியிருந்தது.

கை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, எவ்வளவு நேரமா வண்டியை ஓட விட்டிருந்தீங்க? எனக்குத் தலையை வலிக்குது."