பூந்திக்கு வெடி என்றால் பயம்

தீபாவளியன்று சாயங்காலம் ஆறு மணிக்கு ராஜாங்கம் கழனியிலிருந்து திரும்பியபோது, உள்ளறைக் கட்டிலைச் சுற்றிக் கோணிச் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கால் கழுவிய ஈரத்தோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டான். வருஷா வருஷம் இந்த நாளில் தொங்குகிற சாக்குதான். கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் போகாமல், வெடிச்சத்தம் கொஞ்சம் மட்டுப்படட்டும் என்று நாய்க்காகக் கட்டுவது. இந்த வருஷம் நாய்தான் இல்லை.

"ஜெயா, இத யாரு கட்டுனது?"

அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்த ஜெயசுதா திரும்பாமலே சொன்னாள். "வேற யாரு, உங்க பொண்ணுதான். காலைலேர்ந்து புதுத்துணி கூட போடாம அந்தக் கட்டிலயே சுத்திக்கினு இருக்கறா."

கலையரசிக்கு ஒன்பது வயசு. தரையில் உட்கார்ந்து, சாக்கின் கடைசி முனையைக் கட்டில் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூந்திதான் இல்லியே பாப்பா. இன்னாத்துக்கு இது?"

"வரும்ப்பா. அதுக்கு வெடின்னா பயம் இல்ல? பயந்துச்சின்னா வேற எங்க போவும்? இங்கதான் வரும்."

ராஜாங்கம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டிய சட்டை கீழே விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினான்.

பூந்தி நாட்டு நாய்தான். இளமஞ்சள் உடம்பில் அங்கங்கே செம்புள்ளி. கோமுகி அணை ரோட்டில் குட்டியாகக் கிடந்ததைக் கலையரசி பாவாடையில் சுருட்டி எடுத்துவந்து நாலு வருஷம் ஆகிறது. ராத்திரியில் நரி வந்தாலும் எதிர்த்து நிற்கும், கட்டுவிரியனைப் பார்த்தாலும் விலகாது. ஆனால் பக்கத்து வீட்டில் பலூன் உடைந்தால் போதும், உடம்பெல்லாம் நடுங்கிப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடும். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் சரவெடி வாங்கிக் கொடு என்று அழும் நாளில், கலையரசி நாயோடு கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடப்பாள். ஜெயசுதா ஜன்னலைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைப்பாள். "நாய்க்குத் தீபாவளி கொண்டாடுற வூடு நம்ம வூடுதான்" என்று ராஜாங்கமே கேலி செய்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது வெடிக்குப் பயந்து ஓடிப்போய்விட்டது என்று அவன்தான் சொன்னான். அன்றிலிருந்து கலையரசி அம்மாவின் செல்போனில் நாயின் படத்தை வைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு, கால்வாய்ப் பாலம், கறிக்கடை என்று ஓர் இடம் பாக்கி வைக்காமல் கேட்டுவிட்டாள். தீபாவளிக்கு ஓடுற நாய் ரெண்டு நாளில் திரும்பிடும் என்று எல்லாரும் தைரியம் சொன்னார்கள். நல்ல மனசோடு சொன்னார்கள்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஜெயசுதா பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டாள். "எதுத்தாப்புல சாலம்மா வூட்ல குடுத்துட்டு வந்துடுறோம். நீங்க டிவிய நிறுத்திடாதீங்க. அவ நாய் வரும்னு காத்துக்கினு இருக்கறா, நிறுத்துனா அழுவா." கலையரசி போக மனமில்லாமல் போனாள். "வந்துச்சின்னா கூப்புடுப்பா" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அவன் மட்டும். ஹாலில் டிவி அலறியது. எண்ணெய்ப் புகையும் ஊதுவத்தியும் கலந்த பண்டிகை வாசனை சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளறைக் கட்டில் நேராகத் தெரிந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் கட்டில் இருக்கிறது என்ற நினைப்பு, பார்த்துக்கொண்டிருந்ததைவிட மோசமாக இருந்தது. மறுபடி திருப்பிப் போட்டான்.

ஏழு அடித்ததும் தெருமுனையில் முதல் அணுகுண்டு வெடித்தது. அந்தச் சத்தம் வயல்களைத் தாண்டிப் போய்க் கல்வராயன் மலையில் மோதி, கொஞ்ச நேரம் கழித்து ஆள் இல்லாத பக்கமிருந்து தேய்ந்து திரும்பி வந்தது.

சாக்கு அசைந்தது.

காற்றடித்திருக்கும் என்று முதலில் நினைத்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. ஃபேன் ஓடவில்லை. எலியாக இருக்கும், வடை வாசனைக்கு வந்திருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சமாதானம் நிற்கவில்லை. ஏனென்றால் எண்ணெய்ப் புகைக்கும் ஊதுவத்திக்கும் நடுவில் இன்னொரு வாசனை மெல்ல வந்துகொண்டிருந்தது. நனைந்த நாயின் வாசனை. அதற்குப் பின்னால் கிரீஸும் துருவும். அதற்கும் பின்னால் கருகிய மயிரின் வாடை.

மோட்டார் கொட்டகை வாடை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்றரை ஏக்கர் கரும்பு, பத்து மாசப் பயிர். ஆலையில் அரவை தொடங்க இன்னும் ஒரு மாசம் இருந்தது. மலையிலிருந்து இறங்கும் பன்றிக்கூட்டம் ஒரே வாரத்தில் வரப்பை ஒட்டிப் பத்து வரிசையைச் சாய்த்துவிட்டது. பக்கத்துக் கழனிக்காரன் பாவாடைதான் இரண்டு அவுட்டுக்காய் கொடுத்தான். பன்றி கடித்தால் வாயிலேயே வெடிக்கிற உருண்டை. அதை வைப்பது குற்றம், பாரஸ்ட்காரர்களுக்குத் தெரிந்தால் ஜெயில். "தீவாளி வாரத்துல வை மாமா. ஊரெல்லாம் வெடிச்சத்தம். இதுவும் ஒண்ணுன்னு போயிடும், எவனும் கண்டுக்க மாட்டான்" என்றான் பாவாடை. ராஜாங்கத்துக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பன்றிக்குப் பிடிக்கும் என்று கோழிக்குடலைச் சுற்றி வைத்தான். வீட்டில் நாய் கட்டித்தானே இருக்கிறது என்ற தைரியம்.

வெள்ளிக்கிழமை தெருப்பையன்கள் வெடியை முன்கூட்டியே கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பூந்தி சங்கிலியை இழுத்துக் கழுத்து அறுபட நடுங்கியதைப் பார்க்கச் சகிக்காமல், கலையரசி அவிழ்த்துவிட்டிருக்கிறாள். "அப்பாகிட்ட போ, கழனில சத்தம் இருக்காது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வெடிக்குப் பயந்த நாய் அவனைத் தேடித்தான் வந்தது. வரும் வழியில் வரப்பில் கோழிக்குடல் கிடந்தது.

ஒரே சத்தம். பன்றி விழுந்தது என்று சந்தோஷமாக ஓடினான்.

அது செத்துப்போயிருந்தால் கூட அவன் மனசு ஒருவேளை ஆறியிருக்கும். சாகவில்லை. கரும்புக்குள்ளிருந்து தள்ளாடி வெளியே வந்தது. கண் இருந்தது, காது இருந்தது, மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை. அந்த நிலையிலும் அவனைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. நேராக வந்து அவன் கால்களுக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு நடுங்கியது.

கள்ளக்குறிச்சியில் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. பைக்கில் வைத்துக் கொண்டுபோயிருக்கலாம். காயத்தைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டர் கேட்பார், இது இன்னா காயம் என்று. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் நாயைத் தூக்கி மோட்டார் கொட்டகைக்குள் விட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டான். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டான். மழை பெய்து ஈரம் காயாத கரும்புக்கு இரண்டு நாள் தண்ணீர் ஓடியது. "பைத்தியமா உங்களுக்கு, கழனியே மெதக்குது, தண்ணி பாய்ச்சறீங்க?" என்று ஜெயசுதா கேட்டாள். கரண்டு நின்ற நேரமெல்லாம் அவன் ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது, கதவிடுக்கில் மூக்கை வைத்தபடி விறைத்துக் கிடந்தது. கால்வாய்க் கரையில் குழி தோண்டினான். மண் தள்ளினான். மேலே பெரிய கல்லை உருட்டி வைத்தான். இந்தக் கையால்தான் வைத்தான்.

இரண்டாவது அணுகுண்டு வெடித்தது.

டப். டப். டப்.

சிமெண்ட் தரையில் வால் அடிக்கும் சத்தம். டிவிச் சத்தத்தில் தப்பாகக் கேட்டிருக்கும் என்று எழுந்துபோய் டிவியை நிறுத்தினான். நிறுத்தியிருக்கக் கூடாது. இப்போது எல்லாம் கேட்டது. சின்னச் சின்ன நடுக்கத்தில் கட்டில் சட்டம் கிறீச்சிடுவது. நகம் தரையைப் பிராண்டுவது. மூச்சு. அந்த மூச்சில் ஈரம் கொழகொழத்தது.

"யாரு?" என்றான். கேட்டதற்கே வெட்கமாக இருந்தது.

அவன் குரலைக் கேட்டதும் வால் வேகமாக அடித்தது.

வாசலைத் திறந்து தெருவுக்கு ஓடிவிடலாம். தெருவில் விளக்கு இருக்கிறது, ஜனம் இருக்கிறது. ஆனால் அவன் ஓடினால் கலையரசி உள்ளே வருவாள். வந்தால் நேராகச் சாக்கைத் தூக்குவாள். அதை நினைத்தபோது, உள்ளே இருப்பது என்ன என்ற பயத்தைவிட அந்தப் பயம் பெரிதாகிவிட்டது. பெண்ணுக்குத் தெரியக் கூடாது. என்ன ஆனாலும் அது தெரியக் கூடாது.

வாசல் கதவு தடாலென்று திறந்தது.

"டிவிய ஏன்ப்பா நிறுத்துன? அது பயப்படும்..." கலையரசி மூச்சிரைக்க நின்றாள். அம்மாவை விட்டுவிட்டுத் தனியாக ஓடி வந்திருக்கிறாள். அடுத்த நொடி அவள் முகம் மாறியது. "அப்பா! வாலு சத்தம்!"

"எலி பாப்பா. எலி."

"பூந்திப்பா!"

அவள் பாய்ந்து போய் முழங்காலிட்டாள். ராஜாங்கம் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டான். "கை வைக்காத. பாம்பு கீம்பு இருக்கும். நீ தள்ளி நில்லு, நான் பாக்கறேன்."

"டார்ச்சு அடிச்சிப் பாருப்பா."

செல்போன் சட்டைப்பையில்தான் இருந்தது. சட்டை ஆணியில், கைக்கெட்டும் தூரத்தில். அவன் எடுக்கவில்லை. டார்ச் அடித்தால் அவளுக்கும் தெரியும்.

தரையில் குப்புறப் படுத்தான். சாக்கின் ஓரத்தைத் தலையளவுக்கு மட்டும் தூக்கி உள்ளே நகர்ந்தான். தலை போனது. தோள் போனது. சாக்கு முதுகுக்குப் பின்னால் விழுந்து வெளிச்சத்தை அடைத்தது. கும்மிருட்டு. கிரீஸ். ஈர மண். கருகல். கால்வாய்க் கரையின் களிமண் வாடை அவன் நாக்கில் ஒட்டியது.

எதுவும் இல்லை என்று கையை நீட்டித் துழாவினான். சுவர் தட்டுப்பட்டது. ஒரு பழைய செருப்பு. தூசி.

மூன்றாவது வெடி.

அது அவன் மேல் வந்து விழுந்தது.

நனைந்த மயிர். எலும்பெல்லாம் தெரிகிற நடுக்கம். பிணம் போன்ற சில்லிப்பு. வெள்ளிக்கிழமை கால்களுக்கு நடுவில் செய்ததைப் போலவே இப்போது அவன் அக்குளுக்குள் தலையைச் செருகி, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று முட்டியது. அவன் வலது கை அதன் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இடது கை கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவில். கத்த வாயைத் திறந்தான். வெளியே கலையரசி நிற்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். சூடு இல்லாத ஏதோ ஒன்று அவன் கழுத்தில் சொட்டியது. பிறகு நாக்கு. தாடை இல்லாமல் தொங்கிய நாக்கு அவன் கன்னத்தை நக்கியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

அதற்குக் கோபமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. கடித்தால் தேவலை என்றிருந்தது. கடிக்க அதற்கு வாய் இல்லை.

"ஒண்ணும் இல்ல" என்றான். தன் குரல் என்றே அவனுக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் இல்லடா. ஒண்ணும் இல்ல." கழனியில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லச் சொல்லக் கண்ணீர் தரையில் சொட்டியது.

"அப்பா?" சாக்குக்கு அந்தப் பக்கம் கலையரசி. "இருக்குதாப்பா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. இன்னும் ஒரு பொய். அவன் உதட்டை நனைத்துக்கொண்டான்.

அவள் குரல் கேட்டதும் வால் தரையில் அடித்தது. டப். டப். டப். டப்.

கலையரசி சிரித்தாள். நாலு நாளைக்குப் பிறகு அந்தப் பெண் சிரித்தது அப்போதுதான்.

"வேணாம் பாப்பா. கைய வுடாத. வெளிய போ. அம்மாகிட்ட போ..."

"அது பயந்துக்கினு இருக்குதுப்பா. நான் தொட்டாதான் நடுக்கம் நிக்கும்."

தலைமாட்டில் சாக்கு விலகியது. வெளிச்சம் வரவில்லை. கை மட்டும் வந்தது. மருதாணி வாசனையோடு ஒரு சின்னக் கை, இருட்டில் அவன் முகத்தை உரசிக்கொண்டு போனது. அந்தக் கையைப் பிடித்துத் தள்ள அவனுக்குக் கை இல்லை. பூந்தி அவன் கழுத்திலிருந்து தலையைத் தூக்கி, அந்தக் கையின் பக்கம் திரும்பியது.

கை காதைக் கண்டுபிடித்தது. காதைத் தடவிக் கொடுத்தது. நெற்றிக்கு வந்தது. "ஒண்ணும் இல்லடா செல்லம்" என்றாள் கலையரசி. விரல்கள் மெதுவாக மூக்கின் மேல் நகர்ந்து, மூக்கைத் தாண்டி, கீழே இறங்கின.