பெரட்டுத் தப்பு அடித்த நாள்

வியாழன், காலை 7.50. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் எங்கள் பாடசாலையின் கணினி அறை. களவு போனது என் கட்டுரை. கள்ளியாக நின்றதும் நான்தான்.

"சுபாஜினி, இது யாரு எழுதுனது?" ஜீவராணி டீச்சர் திரையைக் காட்டினார்.

பத்தாம் வகுப்பு வலைப்பூவில் ஒரே கட்டுரை இரண்டு பெயர்களில் இருந்தது. கிருஷ்ணராஜ் பெயரில் செவ்வாய் இரவு 8.00. என் பெயரில் புதன் மாலை 6.30. இரண்டும் ஒரே மாதிரித் தொடங்கின: 'இன்று விடியுமுன்னே ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு மேளம் அடித்தது. வேலைக்குப் போக அம்மா இருட்டில் தடவிக் கூடையை எடுத்தாள்.'

"நான்தான் டீச்சர்..."

"அப்ப ஒனக்கு முந்தின நாளே அவன் எப்படிப் போட்டான்?"

செவ்வாய் நடுராத்திரிக் காற்றில் தோட்டத்தில் கரன்ட் போனதையும், புதன் பின்னேரம்தான் போனுக்குச் சார்ஜ் ஏறியதையும் சொல்ல நினைத்தேன். குரல் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்றாலே எனக்கு அப்படித்தான். வலைப்பூவில் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அதனாலேயே அது எனக்குப் பிடிக்கும். இப்போது அங்கேயே 'கொப்பி அடிச்சவ' என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்.

"நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா."

அப்பா போன மாதமே சொல்லிவிட்டார்: "இஸ்கூல்ல இருந்து ஒரு பேச்சு வந்துச்சுன்னா, கொழும்புக்கு வீட்டு வேலைக்குத்தான்."

10.30, இடைவேளை. பெரகல தையற்கடைக்காரரின் மகள் றுமைஸா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அழுறத நிப்பாட்டு புள்ள. தோட்டத்துல தெனமும் தப்புதான் அடிப்பாங்களா?"

"இல்ல. பெக்டரிச் சங்குதான் ஊதும்."

"அப்ப ஏன் தப்புன்னு எழுதின?"

"அன்னைக்குக் கரன்ட் இல்லல்ல. சங்கு ஊதல."

"என்னைக்கு?"

"புதன்..." பாதியில் நிறுத்தினேன். றுமைஸா சிரித்தாள்.

1.10. மறுபடி கணினி அறை. றுமைஸாதான் டீச்சரைக் கூட்டி வந்திருந்தாள்.

"கிருஷ்ணராஜ், நீ பெரகல கடவீதிப் பொடியன். தப்பு எங்க கேட்ட?" என்றார் டீச்சர்.

"சுபாஜினி தோட்டத்துலதான். மாமா வீட்டுல தங்கினேன். செவ்வாக்கெழம காலையில கேட்டேன்."

"சங்கு கேக்கலயா?" றுமைஸா குறுக்கே கேட்டாள்.

"தோட்டத்துல ஏது சங்கு? எப்பவும் தப்புதானே அடிப்பாங்க!"

தோட்டத்து லயங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர், செவ்வாக்கெழம காலையில சங்கு ஊதிச்சு," என்றாள் றுமைஸா. "கரன்ட் போய் தப்பு அடிச்சது புதன் விடியத்தான். புதன் நடந்தத செவ்வா ராத்திரியே எழுத இவரு என்ன சாத்திரக்காரரா?"

"ஆனா திகதி போட்டிருக்கே?"

றுமைஸா விசைப்பலகையைத் தட்டினாள். அவள் பெயரில் புதுப் பதிவு ஒன்று வந்தது. "பாருங்க டீச்சர், நம்ம ப்ளாக் பொறக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தியே நான் எழுதிட்டேன். திகதிய நம்மளே மாத்தலாம்."

கிருஷ்ணராஜ் தரையைப் பார்த்தான். "நேத்து ராத்திரிதான் போட்டேன் டீச்சர். பதுளையில நடக்கிற கட்டுரைப் போட்டிக்கு அனுப்ப..."

"அப்பா வர வேணாம் சுபாஜினி," என்றார் டீச்சர். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நிம்மதி பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. விஷயம் கேட்டு வந்த அதிபர் கதவடியிலேயே நின்று சொன்னார்: "இந்தத் தலவலியே வேணாம் மிஸ். ப்ளாக்க மூடிருங்க."

1.35. வலைப்பூ மூடப்பட்டது. என் கட்டுரையும் அதோடு போனது.

"இனிமே கட்டுரைய எழும்பி நின்னு வாசிக்கணும்," என்றார் டீச்சர். "சுபாஜினி, நாளைக்கு நீதான் மொதல்ல. அடுத்தது கிருஷ்ணராஜ்."

அவனுக்கு என்ன? அவன் நன்றாக வாசிப்பான்.