ஸ்டோர் வாசலில் செருப்பு

தேவமலர் பில்களை மேசைமேல் கொட்டியதும் பவானேஸ்வரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. துப்பறியும் புவனேந்திரனின் உதவியாளரான அவளுக்கு, டீ வருவதற்குள் வழக்கை முடித்துவிட வேண்டும்.

"நானும் எங்க அண்ணன் பெரியதம்பியும் சுங்கை ரம்பாய்ல கல்யாணக் கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடுறோம் சார். கம்பெனிச் செலவுன்னு அவர் வாங்கினதப் பாருங்க. மெத்தை, ரைஸ் குக்கர், போர்வை! கேட்டா 'ஆபீஸ் சாமான்மா'ங்கிறார். வருமான வரிக்காரங்க வந்தா நான்தானே மாட்டுவேன்? இன்னைக்கே அவரக் கம்பெனிய விட்டுத் தூக்கப் போறேன்."

"அண்ணன் குடும்பம்?"

"அண்ணி தவறிட்டாங்க. செர்காம்ல மகன் வீட்டுல இருக்கார்."

"சின்ன வீடு சார்! வேற என்ன லா?" என்றாள் பவானேஸ்வரி.

புவனேந்திரன் பில்லைப் புரட்டினார். "மெத்தை ஒருத்தர் படுக்கிறது. குக்கர் கடையிலயே ரொம்பச் சின்னது. ஒரு பொம்பளைக்கு வாங்கித் தர்றவர் இவ்வளவு கஞ்சமாவா வாங்குவார்? வாங்க, நேர்ல பார்ப்போம்."

அன்று கடைக்கு விடுமுறை. தேவமலர்தான் பூட்டைத் திறந்தாள். கீழே ஆபீஸ், மாடியில் ஸ்டோர். தரையெங்கும் வேலையாட்களின் சேற்றுத் தடங்கள். பவானேஸ்வரி அலமாரிகளைக் குடைந்தாள், ஒன்றும் அகப்படவில்லை. புவனேந்திரன் மட்டும் மாடியின் கோடி அறை முன்னால் நின்றுவிட்டார். சாத்திய கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

"பவா, இந்தக் கட்டடத்துல வேற எங்கயாவது செருப்பக் கழட்டிப் போட்டிருக்கா?"

"இல்ல சார். எல்லாரும் செருப்போடதான் நடக்கிறாங்க."

"ஸ்டோருக்குப் போக யார் செருப்பக் கழட்டுவா? நம்ம ஆளுங்க எங்க கழட்டுவோம்?"

"கோயில்ல. அப்புறம், வீட்டுல..." அவள் குரல் இறங்கிவிட்டது.

தேவமலர் கதவைத் தள்ளினாள். கையில் சோற்றுத் தட்டோடு பெரியதம்பி எழுந்து நின்றார். பின்னால் அந்த மெத்தை, அந்தக் குக்கர், சுவரில் அண்ணியின் படம்.

"மகன் வீட்ட வாடகைக்கு விட்டுட்டு சிங்கப்பூர் போயிட்டான்மா. போன வருஷமே."

"தினமும் சாயந்திரம் எனக்கு முன்னாடியே மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுக் கிளம்புவீங்களே?"

"பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும் போவேன். உன் கார் போனதும் திரும்பி வந்து, பின்வாசல் வழியா மேல ஏறிருவேன்."

ஒரு வருஷமாகத் தேவமலர் வெளியே பூட்டிவிட்டுப் போனது அண்ணனின் வீட்டை.

"இதெல்லாம் கம்பெனிக் கணக்குல நிக்காதுய்யா," என்றார் புவனேந்திரன். "உங்க கையில காசு இல்லையா?"

"இருந்துச்சு சார். தப்புதான், என் பங்குல கழிச்சுக்கங்க. என் காசுல மெத்தை வாங்கினா, இனிமே இதுதான் என் வீடுன்னு ஆயிரும். ஆபீஸ் சாமான்னு எழுதிட்டா, ஏதோ கொஞ்ச நாளைக்குன்னு மனசத் தேத்திக்கலாம்."

பவானேஸ்வரி தன் காலணிகளைப் பார்த்துவிட்டு வாசலிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். தேவமலர் குனிந்து தன் செருப்பைக் கழற்றி, அண்ணன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"எனக்கும் சோறு போடுங்கண்ணே."

"ஒரே தட்டுதாம்மா இருக்கு."

அவர் கையிலிருந்த தட்டையே வாங்கிக்கொண்டு அவள் மெத்தையில் உட்கார்ந்தாள்.