தரைத்தளத்துக்காரி போட்ட லிஃப்ட்

முதிர்நிழல் இசைவு தராமல் வரிப் படிவம் ஏறாது. அறுபத்தைந்து வயதுக்கு முன்னால் முதுமை வைப்பில் கைவைத்தவர்கள் எல்லோரும் ஜூலை முடிவதற்குள் தங்கள் நிழலின் முன் நின்று, எடுத்த தொகையையும் எடுத்த காரணத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிழல் வேறு யாருமில்லை, எழுபது வயதில் அவரவரேதான். கைப்பட்டையில் பதிந்த நாடித்துடிப்பு, மருந்துச் சீட்டு, நடந்த தூரம், யாரோடு எவ்வளவு நேரம் பேசினோம் என்பதுவரை கூட்டிக் கழித்து, வரித்துறையின் நிழலாடி என்ற கருவி அந்த உருவத்தைச் சுவரில் காட்டும். பணத்தை எடுப்பவர் ஒருவர், அது இல்லாமல் பின்னால் தவிப்பவர் இன்னொருவர். தவிக்கப் போகிறவரையே கேட்டுவிடலாம் என்று சட்டம் செய்திருந்தார்கள்.

அந்த மாதம் தூத்துக்குடியில் பாதி ஊர் தன்னிடமே திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்கு வானத்தில் ஒளியால் பெயர் எழுதவைத்த உப்பளக் கணக்கர் ஒருவரை அவருடைய நிழல் அரைமணி நேரம் அழவைத்ததாகப் பேச்சு.

குணசீலி கடைசி நாள்வரை தள்ளிப்போட்டாள். துறைமுகத்து கிரேன்களைத் தொலைவிலிருந்து இயக்குபவள். முப்பது டன் பெட்டியை முட்டைபோல இறக்குவாள். எடுத்தது மூன்று லட்சத்து இருபதாயிரம். நிழல் மறுத்தால் முழுத் தொகையோடு பத்தில் ஒரு பங்கு அபராதத்தையும் முப்பது நாளில் கட்ட வேண்டும். கணவன் எட்வினின் படகை விற்காமல் அது நடக்காது.

“வீட்டு மராமத்துன்னு எழுதிரு. அதுக்கு விலக்கு உண்டுல்லா?” என்றான் எட்வின்.

“நாம இருக்குறது தரைத்தளம். லிஃப்ட் நமக்கு என்ன மராமத்து? மேலும், ஆண்டவர் பேரச் சொல்லி உறுதி கொடுத்துட்டுத்தான் படிவத்தயே தொறக்கணும்.”

“அப்ப என் படகுக்கு ஒரு ஜெபம் பண்ணிக்க.”

விஷயம் இதுதான். மூன்றாம் மாடி மைமூன் பீவி விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு வந்து, பதினான்கு மாதங்களாகத் தெருவைப் பார்க்கவில்லை. லிஃப்ட் போட எல்லா வீட்டாரும் பணம் போட்டும் குறைந்தது. குறைந்ததைக் குணசீலி தன் முதுமையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அரசு மானியம் வந்திருக்கிறது என்று சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டாள். கட்டடமே அரசாங்கத்தை வாழ்த்தியது.

லிஃப்ட் வந்த நாளிலிருந்து மைமூன் தினமும் காலையில் வாசலில் ஆஜர். “அக்கா, இன்னிக்கும் அந்தத் தண்ணிச் சாம்பாரா? என் மூக்கு மூணாம் மாடியிலயே கண்டுபிடிச்சுருச்சு!” என்று ஆரம்பித்தால் போவோர் வருவோர் எல்லாம் நின்று சிரித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

குணசீலி கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டு நிழலாடியை இயக்கினாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு செலவுக்காக அவள் பார்த்த நிழல், வறண்ட முகத்தோடு மங்கிய அறையில் தனியாக உட்கார்ந்திருந்தது. பேசவும் யோசித்தது. அதே கிழவியை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றாள். தன்னையே ‘நீங்க’ என்பதா ‘நீ’ என்பதா என்றும் தெரியவில்லை.

“என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கே?” என்றது சுவர்.

நிமிர்ந்தாள். கொழுகொழுவென்று ஒரு கிழவி, யாரிடமோ சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்க, இவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

“மூணு லட்சத்து இருபதாயிரம் எடுத்தேன். மாடி வீட்டுக்காரி கீழ எறங்குறதுக்கு. உங்களுக்குக் கஷ்டம் வரும்னு தெரிஞ்சும்...”

“தெரியும்ட்டி. இசைவு போட்டாச்சு. மானியம்னு பொய் சொன்னியே, அதுக்கு மட்டும் ஆண்டவர்ட்ட தனியா மன்னிப்புக் கேட்டுக்க. வாறேன், இங்க ஆளுங்க காத்துக் கெடக்காங்க.”

சுவர் வெறுமையானது. எட்வின் அவளைத் தோளோடு இழுத்துக்கொண்டான். படகு பிழைத்தது.

ஆனால் படிவம் ஏறவில்லை. சிவப்பு எழுத்தில் ஓர் ஓலை வந்தது. அதை எட்வின் உரக்கப் படித்தான். தினமும் கூடிப் பேசிச் சிரிக்கும் ஆள்கள் பக்கத்தில் இருப்பதால், குணசீலியின் முதுமைக்குத் தேவையான மருந்துச் செலவும் துணையாள் செலவும் ஐந்து லட்சத்துப் பத்தாயிரம் குறைந்துவிட்டன. ஆகவே இந்த ஆண்டு அவர் வைப்பிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் போட்டிருக்கிறார். சம்பளப் பிடித்தத்திலேயே ஆண்டு உச்சவரம்பு நிறைந்துவிட்டதால் இது அதிகப்படி. தண்டம் ஆறு விழுக்காடு, பதினோராயிரத்து நானூறு ரூபாய். அதிகப்படியைத் திரும்ப எடுக்கும்வரை ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

“நல்லது செஞ்சதுக்கு ஃபைனா! அத எப்படித் திரும்ப எடுக்கணுமாம்? கேளு” என்றான் எட்வின்.

கேட்டாள். நிழலாடி மரியாதையாகவே பதில் சொன்னது: “மைமூன் பீவி மூன்றாம் மாடியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளவும்.”

குணசீலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ஆண்டுதோறும் கட்டுகிறேன்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

அடுத்த ஜூலையில் அந்தக் கட்டடத்தில் மைமூனோடு வாசலில் கூடிச் சிரித்த ஏழு வீடுகளுக்கு அதிகப்படித் தண்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு தெருவுக்கே வந்தது. ஏதோ கூட்டுச்சதி என்று நினைத்த வரித்துறை, எல்லோரும் நேரில் வந்துதான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. வலிக்கும் மூட்டுகளோடும் சக்கர நாற்காலியோடும் கைக்குழந்தைகளோடும் தெரு திரண்டு போய், அரை நாள் வரிசையில் நின்றது. நின்ற நேரமெல்லாம் வாய் ஓயாமல் பேசிச் சிரித்துக்கொண்டு நின்றதால், அடுத்த ஆண்டு தண்டம் இன்னும் கூடியது.