நீண்டுகொண்டே போன வாக்கியம்

போனில் தர்ஷினிதான் பேசினாள். ஆனால் பின்னால் பஸ் இரைச்சல் இல்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள் பேசினால், ஹாரனும் நாலு பேர் சிரிப்பும் சேர்ந்தே கேட்கும். இன்று மூடிய பானைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தது. நர்மதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கவலை வேறு. நாளைக் காலையில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ. போன தடவை ஆங்கிலத்தில் நாக்கு குழறித்தான் அந்த வேலை கைநழுவியது. இந்த முறையும் கோட்டை விட்டால், கும்மிடிப்பூண்டியில் மெஷின் முன்னால் கால் வீங்க நின்றே காலம் போய்விடும்.

கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வழியே இரும்பு ஆலையின் புகை வாடையும், கதவுப் பக்கமிருந்து ஏதோ ஈர வாடையும் வந்துகொண்டிருக்க, அறைத்தோழிகள் இருவரும் தினமும் ஆடும் ஆட்டம் தொடங்கியது. நர்மதா சின்னதாக ஒரு வாக்கியம் சொல்வாள். தர்ஷினி அதில் ஏதாவது ஒட்டி நீட்டுவாள். நர்மதா அதை முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் பேசுகிறாள் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

இருட்டறையில் ஒரு பெண் பேசுகிறாள் என்றது போன். திருப்பிச் சொன்னாள்.

பச்சை நைட்டி போட்ட ஒரு பெண் இருட்டறையில் பேசுகிறாள்.

நர்மதா குனிந்து பார்த்தாள். இன்று சாயங்காலம் வாங்கிய நைட்டி. தர்ஷினி பார்த்ததே இல்லை.

"இன்னாடி, உனுக்கு எப்டித் தெரியும்?"

அடுத்த வாக்கியம்தான் வந்தது. நீளமாக, வேகமாக. பழக்க தோஷத்தில் திருப்பிச் சொன்னாள். ஓரிடத்திலும் திக்கவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது. வாய் சொல்லி முடித்த பிறகுதான், வழக்கம்போல, மனசு அதைத் தமிழில் மாற்றிப் பார்த்தது.

கதவோரம் நிற்பவளுக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்ட ஒரு பெண், பச்சை நைட்டியோடு, இருட்டறையில் கடைசியாகப் பேசுகிறாள்.

போன் அணைந்தது.

வெளியே வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாவின் செருப்புச் சத்தம். "நர்மதா! தர்ஷினிக்கு ஓ.டி.யாம். அது போனு கேட்டாண்ட லாக்கர்லயே கீதாம். இப்பதான் அதுகூட வேல செய்ற பானு சொல்லிட்டுப் போச்சு. நீ யார்கிட்ட பேசிக்கினு கீற?"

அக்கா என்று கத்தினாள். வாய் திறந்தது. வெறும் காற்று. மறுபடியும். காற்று.

"யார்கிட்டயும் இல்லக்கா." கதவோரத்து இருட்டிலிருந்து வந்தது, நர்மதாவின் குரல். "இங்கிலீஷ் பழகிக்கினு இருந்தேன்."

"சூப்பரா பேசுறியேம்மா! நாளிக்கு உனுக்குத்தான் வேல."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. உள்ளே தாழ்ப்பாள் மெதுவாக விழுந்தது.

நர்மதா வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அந்தக் குரல், தன் பெயர் நர்மதா என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொல்லிப் பழகத் தொடங்கியது.