சாவி குலுங்கும் சத்தம்

ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் படியேறி வருவதற்கு முன்பே அவருடைய பட்டங்கள் வந்து சேர்ந்துவிட்டன. அவர் கொடுத்தனுப்பிய விசிட்டிங் கார்டைப் படித்து முடிப்பதற்குள் கொழுந்தனுக்கு மூச்சு வாங்கியது.

அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. மக்களிடம் கேள்வி கேட்டுத் திரட்டிய தகவல் நம்பத் தக்கதா என்று சோதித்துச் சொல்வது அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து நடத்தும் தொழில். அண்ணிக்குத் தொழில் வட்டாரத்தில் 'சல்லடை' என்று பெயர். கணினி வேலை கொழுந்தனுடையது. போலிப் பேட்டிகளைக் கண்டுபிடிக்க அவனே ஒரு மென்பொருள் எழுதி, 'பொய்ப்பிடி' என்று பெயரிட்டு, பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணைப் போல வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு களப்பணிப் பொண்ணு, மேடம்," என்றார் இயக்குநர், நாற்காலி முழுவதும் நிறைந்து. "அடுக்குமாடிக் குடியிருப்புல அக்கம்பக்கத்து உறவு பத்தி வீடு வீடா போய்ப் பேட்டி எடுக்கணும். இவ ஒரே இடத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் தானே நிரப்பிட்டு வந்துட்டா. கேட்டா, 'எடுத்தேன் சார்'ங்கறதோட சரி, வாயைத் திறக்க மாட்டேங்கறா. இனிமே எந்த நிறுவனமும் இவளைச் சேர்க்காத மாதிரி நீங்க அறிக்கை தரணும்."

தகவல்களைப் பொய்ப்பிடிக்குள் தள்ளினான் கொழுந்தன். திரை சிவந்தது. டேப்லெட் குறித்துவைத்த இடக்குறிப்பின்படி எல்லாப் பேட்டிகளும் ஒரே இடத்தில் நடந்திருந்தன. 'குடியிருப்பு நிர்வாகத்தில் குறை உண்டா?' என்றால் எல்லோரும் 'இல்லை.' 'சங்கக் கூட்டத்தில் மனம் விட்டுப் பேச முடிகிறதா?' என்றால் எல்லோரும் 'முடிகிறது.'

"மாட்டிக்கிட்டா அண்ணி! பூமியில இவ்ளோ சந்தோஷமான கட்டடம் கிடையாது."

"நாளைக்குச் சங்கத் தலைவரையே கூட்டிட்டு வர்றேன்," என்றார் இயக்குநர். "இவ எந்த வீட்டுக் கதவையும் தட்டலைன்னு அவரே சொல்லுவார்." வந்த வேலை முடிந்த நிம்மதியில் இறங்கிப் போனார்.

அண்ணி காதில் ஹெட்போனை மாட்டினாள். களப்பணிப் பெண்ணின் டேப்லெட்டில் கேள்வி வாசிக்கும்போது மட்டும்தான் ஒலி பதிவாகும்; பதில் சொல்பவரின் அந்தரங்கம் கருதி, அவர் பேசும்போது பதிவு நின்றுவிடும். பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி வந்தது. நல்ல பாட்டைக் கேட்கிறவர்கள் முகத்தில் வருவது.

"கேளுடா. எத்தனை தடவை கேட்டாலும் ஒரு சொல் மாறலை, அவசரம் இல்லை. கடைசி வார்த்தையில குரலைத் தாழ்த்தி நிறுத்தறா பாரு. சுவத்துக்குப் படிக்கறவ குரலா இது? எதிர்ல ஒரு முகம் இருக்கு."

"சுவத்துக்கு நல்லா படிக்கத் தெரிஞ்சவளா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். பின்னாடி என்ன சத்தம்?"

கொழுந்தன் கூர்ந்து கேட்டான். ஒவ்வொரு பதிவிலும் லேசாக ஏதோ குலுங்கியது. "வளையல்," என்றான்.

"சரி. பேட்டியோட கடைசிப் பகுதி எப்படி?"

"அதுல கேள்வி வாசிக்கறது இல்லை. டேப்லெட்டை அவங்க கையிலயே கொடுத்துட்டு இவ திரும்பிக்கணும். அவங்களே படிச்சு, தொட்டு, முடிச்சா திரை பூட்டிக்கும்."

"அதைத் தனியா பிரிச்சுக் காட்டு."

பிரித்தான். 'குடியிருப்பில் யாருக்காவது பயந்து பேசாமல் இருந்ததுண்டா?' என்ற கேள்விக்கு, வாயால் குறையே இல்லை என்றவர்களில் பாதிப் பேர் விரலால் 'உண்டு' என்றிருந்தார்கள். யாருக்கு என்பதற்கு, 'சங்க நிர்வாகம்.'

கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்தான். "கதை விடறவ ஒரே பேட்டிக்குள்ள இப்படி ரெண்டு விதமா விடமாட்டா."

"உன் பொய்ப்பிடி தப்பு சொல்லலைடா. விஷயம் வினோதமா இருக்குன்னுதான் சொல்லிச்சு. 'பொய்'னு பேர் வெச்சது நீ."

மறுநாள் மூவர் வந்தார்கள். களப்பணிப் பெண் துணிப்பையை மடியில் வைத்து ஓரமாக உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் ரப்பர் பட்டைக் கடிகாரம் தவிர வேறொன்றும் இல்லை. சங்கத் தலைவர் நடுநாயகமாக அமர்ந்தார். இயக்குநர் பேசப் பேச, தலைவர் விரலில் ஒரு பெரிய சாவிக்கொத்து ஆடிக்கொண்டே இருந்தது.

வளையல் என்று தான் சொன்ன சத்தம் இதுதான் என்று கொழுந்தனுக்குப் பிடிபட்டது. அண்ணியைப் பார்த்தான். அவளோ தலைவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டிக்கு நிறைய உதவி செஞ்சீங்களாமே ஐயா?"

"பின்னே? கண்டவங்களை வீட்டுக்குள்ள விட முடியுமா? சங்க அறையிலயே நாற்காலி போட்டு ஒவ்வொருத்தரையா வரவழைச்சேன். ஒரு பேட்டி விடாம கூடவே இருந்தேன். நீங்கதானே சார் போன்ல 'அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்றேன்'னீங்க?"

இயக்குநரின் பட்டங்கள் ஒவ்வொன்றாக முகத்திலிருந்து இறங்கின.

"ஆக, பேட்டி நடந்திருக்கு," என்றாள் அண்ணி. "பதிவு முழுக்க ஐயாவோட சாவிச் சத்தம். இவங்க எதையும் இட்டுக்கட்டலை. அறிக்கையில முதல் வரி அதுதான்."

"அப்படின்னா எங்க கட்டடத்துல குறையே இல்லைன்றதும் நிஜம்தானே!" தலைவர் மலர்ந்தார்.

கொழுந்தன் ஆவேசமாக மடிக்கணினியைத் திருப்பினான். விரலால் சொன்ன பதில்களின் வரைபடம் வண்ணம் வண்ணமாகத் தயாராக இருந்தது. அண்ணி அவன் விரல் நசுங்க மூடியை மூடினாள்.

"பேட்டியில மூணாவது ஆள் இருக்கக்கூடாதுங்கறது விதி ஐயா. யார் இருந்தாலும் செல்லாது. வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திட்டு, மறுபடி எடுக்கணும். இவங்களேதான் எடுக்கணும். இப்படிக் கேள்வி கேட்கறவங்க சுலபத்துல கிடைக்க மாட்டாங்க."

இயக்குநர் தலையாட்டினார். வேறு வழியில்லை, போனில் சொன்னது அவர்.

அவர்கள் இறங்கிப் போனதும், பின்தங்கி நின்ற பெண்ணிடம் அண்ணி கேட்டாள். "தலைவர் கூட இருந்தார்னு நீயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா சார் நேரா அவர்கிட்டயே போய்க் கொட்டுவாரு மேடம். வாயால ஒண்ணு, விரலால ஒண்ணு சொன்னாங்கன்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்காரங்க கதி என்ன? திரையில என்ன தொட்டாங்கன்னு நானே பார்க்கலை. ஆனா டேப்லெட்டை வாங்கினதும் ஒருத்தர் அதைத் தலைவருக்குத் தெரியாம மறைச்சுப் பிடிச்சாரு. யாருக்கும் தெரியாதுன்னு வாக்குக் கொடுத்திருந்தேன்."

அண்ணி எழுந்து, வாசல் வரை போய் அவளை வழியனுப்பினாள். இயக்குநருக்கு அவள் எழுந்திருக்கக்கூட இல்லை என்பது கொழுந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வரைபடம் பாவம் அண்ணி," என்றான் விரலை ஊதிக்கொண்டே. "எவ்ளோ அழகா வந்திருந்துச்சு."

"அழகாத்தான் இருக்கு. பூட்டி வை," என்றாள் அண்ணி. "சாவி மட்டும் உன் கையில குலுங்கக்கூடாது."